சென்னையிலிருந்து அம்பைக்கு: சிற்றூரில் குடியேற நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2022 ஜூன் மாதம் சென்னை வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் மகளும், எழுபது வயதைத் தாண்டிய அப்பாவும் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்துக்கு (ஊர் வழக்கில் அம்பை) வந்து சேர்ந்தோம். எங்கள் யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை. தாமிரபரணியும், பின்னால் நிற்கும் பொதிகை மலையும், சென்னையில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வாடகையும்தான் எங்களை இழுத்து வந்தன. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு நண்பராவது போன் செய்து, "நாங்களும் வந்துவிடலாமா?" என்று கேட்கிறார். அவர்களுக்கு மணிக்கணக்கில் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உதாரணங்கள் அம்பை, கல்லிடைக்குறிச்சி, கடையம், தென்காசி பக்கத்தவை. வேறு பக்கம் போகிறவர்கள் ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், கேள்விகள் மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் முழுக்க வாடகைக்கு இருந்து பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்காதீர்கள்.

படி 1: வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள்

"நாம் போகலாம்" என்று வீட்டில் ஒருவர் முடிவெடுத்து, மற்றவர்கள் தலையாட்டிப் புறப்படுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிப் போனவர்களில் சிலர் ஆறு மாதத்தில் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுங்கள். ஒரு வாரத்தில் நான் என்னென்ன செய்கிறேன், அதில் எதை விட முடியாது என்பதை எழுதச் சொல்லுங்கள்.

அப்பா எழுதியது: காலை ஆறு மணிக்குப் பேப்பர், நடை, மாதம் ஒருமுறை இதய மருத்துவர். மகள் எழுதியது பேட்மின்டன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவள் ஒரே வரிதான் எழுதினாள்: "என் சம்பளம்."

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே புது ஊரில் அது எத்தனை கிலோமீட்டரில், எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்று குறியுங்கள். எங்களுக்குப் பேட்மின்டன் இரண்டு கிலோமீட்டரில் கிடைத்தது. இதய மருத்துவருக்குத் திருநெல்வேலி, 35 கிலோமீட்டருக்கு மேல். மனைவியின் வரிக்கு எதிரே எழுத எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. சென்னையில் 32,000 வாங்கியவளுக்கு இங்கே ஒரு பள்ளியில் 11,000 தருவதாகச் சொன்னார்கள். வாடகையில் மிச்சமாகும் பணம் யாருடைய சம்பளத்திலிருந்து போகிறது என்பதை அந்தத் தாள்தான் எங்களுக்குக் காட்டியது. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள், வருமானம் பழைய அளவில் பாதியைத் தொட்டிருக்கிறது. அவள் கொடுத்த விலையை நான் மறக்கக்கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 2: மூன்று பருவத்தில் மூன்று முறை போய்த் தங்குங்கள்

குற்றால சீசனில் வந்து சாரலில் நனைந்துவிட்டு வீடு தேட ஆரம்பிப்பவர்கள் ஏராளம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் முழுவதும் தென்மேற்குக் காற்று வீசும். அந்த மூன்று மாதத்தை வைத்து ஊரை எடை போடாதீர்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஒருமுறை வாருங்கள். ஓட்டு வீடானாலும் தட்டோடு போட்ட வீடானாலும் மதிய வெயில் என்ன செய்கிறது என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று தெருவில் விசாரியுங்கள். நவம்பர், டிசம்பரில் இன்னொரு முறை. வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி வேறு ஆறாக மாறிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆற்றங்கரை ஊர்கள் பல நாள் தத்தளித்தன. அப்போது எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை. வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "அண்ணாச்சி, தொண்ணூத்திரெண்டு வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு வைத்திருந்தோம். 1992 நவம்பர் வெள்ளத்தை இந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை, சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்கு மேலே இருக்கும் தெருவில்தான் வீடு பார்த்தோம்.

வந்து தங்கும்போது விடுமுறை எடுக்காதீர்கள், வேலை நாட்களில் தங்குங்கள். அருவிக்கும் கோயிலுக்கும் போக வேண்டாம். மளிகை வாங்குங்கள், லேப்டாப்பில் வேலை செய்யுங்கள், ராத்திரி எட்டரைக்கு ஒரு மருந்துக்கடையைத் தேடுங்கள். ஒன்பது மணிக்குத் தெரு எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். எனக்கு அந்த அமைதிதான் இந்த ஊரின் பெரிய கொடை. என்னோடு வந்த நண்பருக்கோ மூன்றாம் நாளே மூச்சு முட்டியது. அவர் வராமல் இருந்துவிட்டது நல்லது.

படி 3: மருத்துவமனைத் தூரத்தை ராத்திரியில் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முதலில் எங்கள் மனம் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமத்தில்தான் இருந்தது. வயல், வாய்க்கால், தென்னை என்று அவ்வளவு அழகு. ஆனால் அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே கால் மணி நேரம் ஆகும். அப்பாவை நினைத்து அதை விட்டுவிட்டு அம்பைக்குள் வந்தோம்.

2023 பிப்ரவரியில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்திலிருந்த மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, இதய மருத்துவர் இல்லாததால் உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். 108 ஆம்புலன்ஸ் வந்து, பாளையங்கோட்டை போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழைத்துக்கொண்டார். கிராமத்து வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரி எழுந்து உட்கார்ந்து யோசிப்பேன்.

ஆகவே நீங்கள் பார்த்திருக்கும் வீட்டிலிருந்து எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைவரை, இரவில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்கு அந்த இடம் பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊர் வழக்கில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்பார்கள். வீட்டில் இதய நோயாளியோ கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் எந்த ஊரையும் நான் சொல்ல மாட்டேன்.

பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயல் பக்கம் வீடு என்றால் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்திலாவது பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும், கடித்தது பல நேரம் தெரியாது. தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எந்த மருத்துவமனை என்பதைக் குடிவந்த முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

நல்லதையும் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வேண்டியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். வருகிறவர் எங்கள் தெருப் பெண். அப்பா மாத்திரையை நிறுத்தினால் முதலில் கண்டுபிடித்துத் திட்டுவது அவர்தான். வேளச்சேரியில் எதிர் ஃபிளாட்டில் இருந்தவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

படி 4: வேலை, இணையம், மின்சாரம்

வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். வாய்மொழியை நம்பி வந்த இரண்டு பேரை ஒரே வருடத்தில் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்தப் பகுதியில் பெரிய மென்பொருள் வேலை என்று பார்த்தால் தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் சோஹோ இருக்கிறது. அந்த ஒன்றை நம்பிக் குடும்பத்தோடு வர முடியாது.

இணையத்துக்கு இரண்டு தனித்தனி வழி வேண்டும். ஒன்று பி.எஸ்.என்.எல். ஃபைபரோ உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபரோ, இன்னொன்று வேறு நிறுவனத்தின் மொபைல் சிம். "நெட் நல்லா வரும்" என்று வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் பேசிப் பாருங்கள். பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி கனம், நடு அறையில் சிக்னல் செத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரையோ அதற்கு மேலோ மின்சாரம் இருக்காது. தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இன்வெர்ட்டர் செலவை முதல் மாதக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

செலவு குறையுமா என்றால், குறையும், ஆனால் நினைத்த அளவுக்குக் குறையாது. எங்களுக்கு வாடகை 22,000-இலிருந்து 7,500 ஆனது. காய்கறி, பால், மீன் விலையும் குறைவு. அப்புறம், சென்னையில் இல்லாத செலவுகள் வந்தன: கார், நெல்லைக்குப் போய்வரும் பெட்ரோல், வருடத்துக்கு நான்கைந்து முறை சென்னைப் பயணம். திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரியில் போகும், 2023 செப்டம்பரிலிருந்து பகலில் வந்தே பாரத்தும் ஓடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். தீபாவளி, பொங்கல் என்றால் அந்தக் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது மனைவிக்கும் மகளுக்கும் பெரிய சுதந்திரமாக இருக்கிறது. ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: வாடகை வீடு தேடுவது

செயலியில் தேடினால் கிடைக்காது. டீக்கடையில், பால்காரரிடம், அயர்ன் கடையில் சொல்லி வையுங்கள், இரண்டு நாளில் நாலு வீடு வரும். முன்பணம் சென்னை மாதிரிப் பத்து மாதம் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். "எதுக்கு சார் இதெல்லாம், நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். ஆபீசுக்கு முகவரிச் சான்று வேண்டும் என்று சொன்னால் யாரும் மனம் கோணுவதில்லை.

வீட்டைப் பார்க்கும்போது கிணறு இருக்கிறதா, போர் தண்ணீரில் பருப்பு வேகிறதா, மழையில் எங்கே ஒழுகும், குரங்கு வருமா என்று கேளுங்கள். மலையடிவாரம் என்றால் கரடி, காட்டுப்பன்றி, சிறுத்தை பற்றியும் கேட்க வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்களில் இது தினசரிப் பேச்சு.

இன்னொரு கேள்வி உங்களை நோக்கி வரும். முதலில் "எந்த ஊரு?" என்பார்கள். பிறகு "யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். அதிலும் பிடிபடாவிட்டால் "என்ன ஆளுக?" என்று நேராகவே கேட்பார்கள். சாதியைக் கேட்கிறார்கள். நாங்கள் சொல்ல மறுத்தோம், இரண்டு வீடுகள் கைநழுவின. மூன்றாவது வீட்டு அம்மா, "ஒழுங்கா வாடகை குடுத்தா போதும்" என்று சாவியைக் கொடுத்தார். எல்லோருக்கும் மூன்றாவது வீடு கிடைப்பதில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் நாலு மாதம் தேடிவிட்டுத் திருநெல்வேலிக்குள்ளேயே தங்கிவிட்டார். சிற்றூர் வாழ்க்கையை மெச்சி எழுதுபவர்கள் இதை விட்டுவிடக்கூடாது. சிலருக்கு இந்தப் படியிலேயே கதவு சாத்தப்படுகிறது.

படி 6: பள்ளி

மகள் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அந்த முடிவுக்கு ஒரு கணக்கும் இருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போகும்போது பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாறினாலும் ஒதுக்கீடு போய்விடும், ஆகவே யோசித்து ஒரே பாதையில் போங்கள்.

பள்ளி முடிவெடுக்குமுன் மாலை நாலேகாலுக்கு வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படிக் கூட்டமாகப் பிரிந்து போகிறார்கள், கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தென் மாவட்டங்களில் அந்தக் கயிறு சாதி அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை கயிறு, மோதிரம், திலகம் போன்ற அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்றது. பள்ளித் தலைமையாசிரியரிடம் இதைப் பற்றி நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

படி 7: முகவரி மாற்றம்

ஆதார், எரிவாயு இணைப்பு, ரேஷன் அட்டை, வங்கி, வாக்காளர் பட்டியல் (படிவம் 8) என்ற வரிசையில் போனால் ஒன்றுக்கு மற்றொன்று சான்றாக உதவும். இ-சேவை மையத்தில் கூட்டம் குறைவு.

படி 8: ஊரோடு சேர்வது

இதற்கு ஒரு வருடமும் போதாது, ஆனால் முதல் மூன்று மாதம் முக்கியம். தெருவில் யாராவது இறந்தால் துட்டி (துக்கம்) கேட்கப் போங்கள். கல்யாணப் பத்திரிகை வைத்தால் மறக்காமல் போய் மொய் எழுதுங்கள். அது நோட்டில் ஏறும், நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அத்தனை பேரும் வருவார்கள். அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரி கேட்டு வருவார்கள். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தெருவோடு இருப்பதற்கான பங்கு என்று எடுத்துக்கொண்டு கொடுத்தேன். கொடை நாட்களில் மூன்று ராத்திரி ஒலிபெருக்கி பாடும். அந்த வாரம் முக்கியமான மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிய ராத்திரி எங்களுக்கு முன்னால் தெரு எழுந்து நின்றது. ஒருவர் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒருவர் பணத்தோடு பைக்கில் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே பாளையங்கோட்டை வந்தார். இதற்கு ஈடாக நாங்கள் கொடுப்பது தனிமையை. யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், மனைவி என்ன உடை போட்டாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் வேட்டியோடு ஆற்றுக்குப் போய் வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மனைவி ராத்திரி எட்டு மணிக்குத் தனியாகக் கடைக்குப் போனால், "எங்க அக்கா, இந்நேரத்துல?" என்று மூன்று பேர் கேட்பார்கள். அக்கறைதான், ஆனால் தினமும் பதில் சொல்ல வேண்டியவள் அவள். குடும்பத் தலைவர்களே, இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்களிடம் புறப்படுமுன் கேளுங்கள்.

படி 9: ஒரு வருடம் கழித்து, நிலம்

பன்னிரண்டு மாதம் முடிந்தும் ஆசை அப்படியே இருந்தால் நிலம் பார்க்கலாம். அதற்குள் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்த மனைக்குச் சகோதரர்களுக்குள் வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் தானாகக் காதில் விழுந்திருக்கும். எந்த வில்லங்கச் சான்றிலும் இந்த விவரம் கிடைக்காது.

மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), 30 ஆண்டு வில்லங்கம் ஆகியவற்றை வாங்கி, உங்கள் செலவில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆன பிறகே பணம் கொடுங்கள். இந்தப் பக்கம் கோயில், மடத்து நிலங்கள் மிக அதிகம். கட்டடம் மட்டும் விற்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்று இருக்கும் வீடுகளும் உண்டு, அவற்றுக்குக் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க சார்" என்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காது, பதிவும் சிக்கலாகும், ஆகவே விலகிவிடுங்கள்.

நஞ்சையில் வீடு கட்டலாம் என்று விற்பவர் சொன்னால் நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் சில வருவாய்க் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வரும், அங்கே கட்டட அனுமதி தனிக் கதை. மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் வேண்டும். விலையோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தவிர, கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் வயலை மனையாக்கித்தான் நமக்கு அமைதி வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஊருக்குள் காலியாகக் கிடக்கும் பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன. ஒன்றை வாங்கிச் சரிசெய்வது வயலுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

படி 10: திரும்பும் வழியை அடைக்காதீர்கள்

சென்னையில் சொந்த வீடு இருந்தால் விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். சொந்த வீடு இல்லாதவர்கள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தையும் ஒரு முன்பணத்தையும் தொடாமல் வைத்திருங்கள். மருத்துவக் காப்பீட்டில் திருநெல்வேலி, மதுரை மருத்துவமனைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வேலையில் இருந்தவர்களோடு தொடர்பை விடாதீர்கள்.

பதினோராம் மாதம் முதல் படியில் எழுதிய அதே தாளை எடுத்து, எல்லோரும் மறுபடி எழுதுங்கள். 2023 மே மாதம் நாங்கள் எழுதினோம். அப்பா "இருக்கலாம்" என்றார். மகள் "இருக்கலாம், ஆனா பிளஸ் ஒன்னுக்கு மறுபடி கேக்கணும்" என்று எழுதினாள். மனைவி இரண்டு பக்கம் எழுதினாள். அதில் பாதி குறைகள், கடைசி வரி "இன்னும் ஒரு வருஷம்." ஒவ்வொரு மே மாதமும் எழுதுகிறோம், இதுவரை ஒவ்வொரு முறையும் அதே கடைசி வரிதான். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். பத்தாம் வகுப்பு முடியும் வருடத்தில் அவளுடைய தாளைத்தான் முதலில் படிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.